ஷோபா கொண்டு வந்த பதில்

சொர்ணத்துக்கு வாய் நீளம் என்பது பெங்களூர் ஆஸ்டின் டவுன் முழுக்கத் தெரிந்த சங்கதி. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தவர்கள் இன்னொரு தடவை அந்த வேலையைச் செய்ததில்லை. விவேக் நகரில் ஒரு நர்சரிப் பள்ளியில் அவள் ஆயா. புதிதாகச் சேர்ந்த குழந்தைகள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறும்போது அவளைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றி ஏதாவது பேசுவாள். மணி அடிப்பதற்குள் அந்தக் குழந்தை தன் வீட்டுக் கதையெல்லாம் அவளிடம் ஒப்பித்துவிடும். ஊரார் பிள்ளைகளை இப்படிப் பேச வைத்தவள், கட்டின புருஷனிடம் மட்டும் எட்டு வருஷம் வாய் திறக்கவில்லை.

புருஷன் முனிராஜ் ஆட்டோ சீட் தைக்கிறவன். வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு ஒரு நடை. கடையில் எந்நேரமும் ரெக்சின் வாசனையும் பசை வாசனையும் அடிக்கும். குடிக்கமாட்டான், தொழிலில் ஏமாற்றமாட்டான், ஆனால் பெரிய ரோஷக்காரன். பெண் கொடுக்கிறவர்கள் குடி உண்டா, சீட்டு உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்களே தவிர, ரோஷம் எவ்வளவு என்று யாரும் விசாரிப்பதில்லை. சொர்ணத்தின் அப்பாவும் விசாரிக்கவில்லை.

சண்டை வந்தது முனிராஜின் தம்பி கல்யாணத்தில். பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறும் விழுந்துவிட்ட பிறகு, யாரோ முக்கியமானவர் வந்துவிட்டார் என்று சொர்ணத்தின் அம்மாவை எழுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். சொர்ணம் விடுவாளா? மண்டபமே திரும்பிப் பார்க்க, மாமியார் வீட்டு மானத்தைக் கப்பலேற்றினாள். முனிராஜ் விறுவிறுவென்று வந்து, அவள் அம்மா பார்க்கப் பார்க்க அவளைக் கன்னத்தில் அறைந்தான்.

அடித்தவன்தான் இறங்கி வரவேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவன், "நாலு பேர் முன்னாடி என் குடும்பத்த அசிங்கப்படுத்தினவ அவதான். அவளே வந்து ஒரு வார்த்தை பேசட்டும்" என்று கடையில் படுக்கையைப் போட்டுக்கொண்டான். அவள், "கை நீட்டின மனுஷன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்று உள்ளே படுத்துக்கொண்டாள். அப்போது அவர்களுடைய ஒரே மகள் ஷோபா நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்த நடையில் நடந்தது ஷோபாதான். "அப்பாவ சாப்பிடச் சொல்லு", "அம்மாகிட்ட சாயங்காலம் ஆள் வரும்னு சொல்லு", "எண்ணெ தீந்துபோச்சுன்னு சொல்லு". தட்டைக் கொண்டுபோவாள், காலித் தட்டைக் கொண்டுவருவாள், கூடவே ஒரு பதிலும் வரும். இது ஒன்றும் அதிசயமில்லை. அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இப்படித்தான் நடந்தது. பிள்ளை நடுவில் இருக்கிற வரைக்கும் புருஷன் பெண்டாட்டி நேரே பேசாமலே குடும்பம் ஓடிவிடும். ஷோபாவுக்கும் அது பழகிவிட்டது. வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறபோதே எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதுவாள்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம். மறுநாள் கணக்குப் பரீட்சை. மத்தியானத்திலிருந்தே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். மாதாமாதம் வருகிற வலிதான் என்று சொர்ணம் மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தாள். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்துவிட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் உடம்பு கொதித்தது. சொர்ணம் ஈரத் துணியை நனைத்து அவள் நெற்றியில் போட்டாள். கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எழுந்துரு கண்ணு. போய் உங்கப்பன்கிட்ட சொல்லு. பெத்த பொண்ணு துடிக்கறா, மனுஷனா இருந்தா எழுந்து வந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போகச் சொல்லு."

ஷோபா சுவரைப் பிடித்துக்கொண்டு நடையில் போனாள். மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் இட்டுனு போறேன்னாரும்மா."

"அப்படியா சொன்னாரு?"

"ம்."

சொர்ணம் கடைப்பக்கம் கேட்கிற மாதிரி பாத்திரத்தை உருட்டினாள். நடையைத் தாண்டிப் போகவில்லை. கடையிலிருந்து ஷோபாவை இன்னொரு தடவை கூப்பிடுகிற சத்தம் கேட்டது; அவள் போய்விட்டு வந்து படுத்துக்கொண்டாள். விடியற்காலையில் ஷோபா வலி போய்விட்டது என்றாள். வலி திடீரென்று விட்டால் உள்ளே குடல்வால் வெடித்துவிட்டது என்று அர்த்தமாம். டாக்டர் பிறகுதான் சொன்னார். பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் சாய்ந்தாள். வாத்தியார் ஒருவர்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டாம் நாள் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச ஆளில்லை. சொர்ணம் தட்டில் சோற்றைப் போட்டு நடையில் ஒரு முக்காலி மேல் வைப்பாள். முனிராஜ் எடுத்துக்கொள்வான். காலித் தட்டை அதே முக்காலியில் வைப்பான். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. சொர்ணம் உயிரோடு இருந்ததே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான். நாளைக்கு என்று சொன்னது அவன். கொன்றது அவன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதையே நினைப்பாள். அந்த நினைப்பு இருக்கிறவரை அவளுக்கு அழுகை வராது.

இரண்டாம் வருஷத் திதி வந்தபோது முனிராஜ் ஷோபாவின் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, கடையில் மாட்டி, மாலை போட்டான். சீட் தைக்க வந்த ஆட்டோக்காரர்கள் எல்லாம், "பாவம்பா முனிராஜ், ஒரே பொண்ணு" என்று அவன் தோளைத் தட்டினார்கள். அது நடை வழியாகச் சொர்ணத்தின் காதில் விழுந்தது. அன்றைக்கே அண்ணன் உத்தமன் வீட்டுக்குப் போய், "எனக்கு இந்த ஆள் வேணாம்ணா, கோர்ட்டுக்குப் போலாம்" என்றாள். உண்மையில் விவாகரத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? பெரிய மனுஷர்கள் யாராவது அவனை நிற்கவைத்துக் கேட்கவேண்டும். "நான்தான் நாளைக்குன்னு சொன்னேன்" என்று அவன் வாயால் வரவேண்டும். அதைக் காதால் கேட்டுவிட்டால் போதும் அவளுக்கு.

உத்தமன் வக்கீலைப் பிடித்தான். குடும்ப நீதிமன்றத்தில் மனுவைப் பார்த்த நீதிபதி, முதலில் கவுன்சலிங் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்படி என்றால் என்ன என்று சொர்ணத்துக்குத் தெரியாது. உத்தமனுக்கும் தெரியாது. ஆனாலும் தெரிந்த மாதிரி, "அது ஒண்ணுமில்ல, பஞ்சாயத்துதான். கவர்மெண்ட் பஞ்சாயத்து" என்றான். பஞ்சாயத்து என்றால் எப்படிப் போவது என்று அவர்களுக்குத் தெரியும். உத்தமன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டு வள்ளியம்மாவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டார்கள். யார் எதை முதலில் பேசுவது என்று பஸ்ஸிலேயே பேசி முடித்தார்கள். நீ வாயைத் திறக்காதே, எல்லாம் நான் பேசிக்கறேன் என்றான் உத்தமன்.

அங்கே வாசலில் நின்ற ஆள், "கண்ட ஹெண்டத்தி இப்ரே பன்னி" என்று கன்னடத்தில் சொல்லி, புருஷன் பெண்டாட்டியை மட்டும் உள்ளே விட்டான். வேட்டியும் சாட்சியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டன.

உள்ளே மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு சின்ன அறை, மூன்று நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு சொம்பு தண்ணீர். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் ரமா என்றாள். மல்லேஸ்வரம், வீட்டில் தமிழ்தான், அதனால் தமிழிலேயே பேசலாம் என்றாள்.

"மொதல்லயே சொல்லிடறேன். இங்க தீர்ப்பு கெடயாது. யார் மேல தப்புன்னு நான் ஜட்ஜுக்கு எழுதி அனுப்பமாட்டேன். சேந்து இருங்கன்னும் சொல்லமாட்டேன், பிரிஞ்சு போங்கன்னும் சொல்லமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசணும். நான் கூட உக்காந்திருப்பேன்."

"அப்ப எதுக்கு மேடம் நீங்க?" என்று கேட்டுவிட்டாள் சொர்ணம்.

ரமா கோபித்துக்கொள்ளவில்லை. "அது போகப்போகத் தெரியும்" என்றாள்.

முதல் வாரம் முக்கால்வாசி நேரம் ஃபேன்தான் பேசியது. இரண்டாம் வாரம் சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. ரமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். "கேளுங்க மேடம் இவர, கல்யாண மண்டபத்துல எங்கம்மா முன்னாடி என்ன அடிச்சாரா இல்லையான்னு." முனிராஜும் ரமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அவ என்ன பேசினான்னு அவளக் கேளுங்க" என்றான். பேச வராதவர்கள் இல்லை இரண்டு பேரும். ஷோபாவின் இடத்தில் ரமாவை வைத்துப் பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரமாவுக்கு அது புரிந்துவிட்டது போலிருக்கிறது. மூன்றாம் வாரம் அவர்கள் வருவதற்கு முன்பே தன் நாற்காலியை ஜன்னல் ஓரமாகத் தள்ளிப்போட்டு, மற்ற இரண்டையும் எதிரும் புதிருமாகப் போட்டிருந்தாள். சொர்ணம் அன்றைக்குப் பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஷோபா இருந்தபோது வந்த கடைசிப் பொங்கலுக்கு எடுத்தது. இன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னிக்கு என்கிட்ட எதுவும் சொல்லவேணாம்" என்றாள் ரமா. "அந்தச் சண்டைக்கு அப்புறம் வீட்டுல எப்படிப் பேசிக்கிட்டீங்க?"

"ஷோபா இருந்தா" என்றாள் சொர்ணம்.

"அவ வந்து என்னென்ன சொல்வா? அவர் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

சொர்ணம் முனிராஜின் முகத்தைப் பார்த்தாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கொழம்பு நல்லாருக்குன்னு அப்பா சொன்னாருன்னு வந்து சொல்லும்" என்றாள். "இந்தப் பொடவ கூட, அப்பாவே கடையில நின்னு உனக்குப் பச்சதான் நல்லாருக்கும்னு பாத்து எடுத்தாரும்மான்னு சொல்லிச்சு. அவ்ளோ அக்கற இருந்த மனுஷனுக்கு..."

"நான் எடுக்கல" என்றான் முனிராஜ்.

"என்ன?"

"காசு குடுத்தேன். அதுதான் போய் எடுத்துனு வந்துச்சு. கொழம்பப் பத்தி நான் எதுவும் சொன்னதில்ல." அவன் கை தொடை மேலிருந்த துணியைத் தையலுக்கு மடிக்கிற மாதிரி மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தது. "நீதான், எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பூரா தூங்காம கெடந்தேன்னு சொல்லி அனுப்பின. கசாயம் வெச்சுக் குடுத்து அனுப்பின."

"நான் எங்க அனுப்பினேன்? அவதான் அடுப்பங்கரையில எதையோ வெச்சினு இருந்தா."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உன் கை வலிக்கு எண்ணெய் போட்டுக்கோ என்று அவள் சொன்னதாக அவன் நம்பியிருந்தான், அவள் சொல்லவில்லை. தான் பள்ளியிலிருந்து வர நேரமானால் அப்பா இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தார் என்று அவள் நம்பியிருந்தாள், அவன் பார்க்கவில்லை. இவர்கள் அந்தப் பக்கம் எறிந்ததையெல்லாம் அந்தப் பெண் நடையிலேயே போட்டுவிட்டு, தன்னிடமிருந்து நல்லதாக நாலு வார்த்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆறு வருஷம். அந்த வீட்டில் இருந்த அன்பெல்லாம் ஒரு சின்னப் பெண் தானே செய்து பரிமாறியது. கேட்கவே நெஞ்சு வேகிறது.

சொர்ணத்துக்கு அப்போதுதான் பயம் வந்தது. கேட்க வந்ததைக் கேட்காமல் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் அவள் நாக்கு எந்த நாளில் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"பரீட்சைக்கு மொத நாளு, மனுஷனா இருந்தா எழுந்து வான்னு சொல்லி அனுப்பினேனே. நாளைக்குன்னு ஏன் சொன்னீங்க?"

முனிராஜ் அவளையே பார்த்தான். "நான் சொல்லல."

"பொய் சொல்லாதீங்க."

"எம்பொண்ணு மேல சத்தியமா சொல்லல. நீ சொல்லி அனுப்பினதும் வரல. வயித்து வலிப்பா, அம்மா மருந்து குடுத்தாங்கன்னுதான் வந்து சொல்லிச்சு. பொம்பளப் புள்ள, வயித்து வலின்னா நான் என்னன்னு கேக்கறது? ஒரு வண்டி சீட்டு போட்டு முடிச்சு வாசல்லதான் நின்னுனு இருந்துச்சு, டிரைவரும் இருந்தான். ரொம்ப வலின்னா உங்கம்மாவ வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, இப்பவே ஆட்டோவுல போயிடலாம்னு சொன்னேன். மெஷின நிறுத்திட்டு நடையவே பாத்துனு உக்காந்திருந்தேன். நீ வரல. அப்புறம் அதக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா நாளைக்குப் பாத்துக்கலாம்னாங்க, வலி கொறஞ்சிடுச்சுன்னு சொல்லிச்சு. ரெண்டு வருஷமா நீதான் நாளைக்குன்னு சொன்னேன்னு நெனச்சினு இருக்கேன்."



ஷோபா ஏன் அப்படிச் செய்தாள்? கணக்குப் பரீட்சை போய்விடுமே என்று பயந்தாளா, இல்லை இவர்கள் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி நடுவில் உட்கார்ந்து போகப் பயந்தாளா? கேட்க அவள் இல்லை. அம்மாவின் வசவை அப்பாவிடம் சொன்னால் சண்டை. அப்பாவின் நிபந்தனையை அம்மாவிடம் சொன்னால் சண்டை. எப்போதும் போல இரண்டையும் விழுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் சண்டை வராத ஒரு பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சொர்ணம் அதை வாங்கிக்கொண்டு பாத்திரத்தை உருட்டினாள். நடை எவ்வளவு நீளம்? கடைக்குப் போய் நிற்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவனுக்கு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இரண்டு வருஷமாக அவள் இடுப்பில் சுமந்த கோபம் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள். அதற்கு முன்னால் தாங்கமுடிந்ததெல்லாம் இப்போது தாங்கமுடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். முனிராஜும் அழுதான். ஒருவரை ஒருவர் தொடவில்லை, தேற்றவில்லை.

ரமா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி இருவருக்கும் கொடுத்தாள். நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கடைசியில், "அடுத்த வாரம் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்து?" என்றாள் சொர்ணம். "இனிமே என்ன மேடம் இருக்கு பேச?"

"இனிமேதான் இருக்கு. கஷ்டமாத்தான் இருக்கும். வாங்க."

வெளியே உத்தமன் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கை முஷ்டி இறுகியது. "என்னம்மா ஆச்சு? ஒத்துக்கினானா? யார் மேல தப்புன்னாங்க?"

சொர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முனிராஜ் அவர்களைத் தாண்டிப் போய், ரோட்டோரத்தில் ஒரு மரத்தடியில் செருப்பைக் கூட சரியாக மாட்டாமல் நின்றுகொண்டிருந்தான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"நீ வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றான் உத்தமன்.

அவள் அண்ணனின் கையை எடுத்துவிட்டு ரோட்டோரத்துக்குப் போனாள். முனிராஜின் பக்கத்தில் போய் நின்றாள். அவன் திரும்பவில்லை.

"ஆட்டோ புடிங்க" என்றாள்.

அவ்வளவுதான் அந்த வார்த்தை. நாக்கு குழறவில்லை, மானம் ஒன்றும் போய்விடவில்லை. வாயைத் திறந்தாள், வந்துவிட்டது. முனிராஜ் கையைத் தூக்கி ஓர் ஆட்டோவை நிறுத்தினான். சொர்ணம் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள், அவன் இந்த ஓரத்தில் உட்கார்ந்தான். நடுவில் ஒருத்தி உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டுவிட்டே உட்கார்ந்திருந்தார்கள்.